வீடு மாறிய பறங்கிச்சி

"ஒரு பேயை யாரோ இடம் மாத்திட்டாங்க, சார். அது யாருன்னு நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்."

வந்தவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். ஜெபதாஸும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ரங்கூன் போலீஸ் கோர்ட்டில் பதினாறு வருஷம் துபாஷியாக இருந்து, பலபேர் சொன்ன பொய்யை முகம் மாறாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மனிதர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டு, டல்ஹவுசி தெருவில் ஓர் அச்சுக்கூடத்து மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சிரித்தது அவருடைய உதவியாளன் அப்துல் அஜீஸ்தான். கீழே அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவன், மேலே வந்து உட்கார்ந்தவன், அப்புறம் கீழே இறங்கவே இல்லை.

"பழைய எடம் மழையில ஒழுகிச்சோ என்னமோ" என்றான்.

வந்தவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் பாக்கியசாமி என்றார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை தேய்ந்த கறுப்புக் கோட்டு, விரல் நுனியில் மசிக்கறை.

"எழுத்து வேலையில இருக்கேன். ஆத்துக்கு அந்தாண்ட, கியாக்தான் போற வழியில ஒரு பறங்கிக் கோட்டை இடிஞ்சு கிடக்கு, தெரியுமா? இப்ப அதைப் பத்தித்தான் எழுதிக்கிட்டிருக்கேன்."

கோட்டையின் கதையை அவரே சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தலைங் ராஜாவின் நிலமும் பர்மா ராஜாவின் நிலமும் தொட்டுக்கொண்ட எல்லை அது என்றும், ஒரு பறங்கிக் கப்பல்காரன் அங்கே கோட்டை கட்டி இரண்டு பக்கமும் சுங்கம் வாங்கினான் என்றும் ஊரில் சொல்வார்களாம். ஒருநாள் பர்மாக்காரரின் படை சூழ்ந்தது. உதவி கேட்டுப் படகில் போன பறங்கி திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி ஆற்று வாசலில் விளக்கோடு நின்றாள். கோட்டை விழுந்த பிறகும் நின்றாளாம். செத்த பிறகும் நின்றாளாம்.

"முந்நூறு வருஷமா ஆத்து வாசல்லதான் நின்னா. போன மழைக்கு அப்புறம், கிழக்க வெடிமருந்து வெச்சிருந்த அறை இருக்கே, அங்க போயிட்டான்னு கூலி ஆளுங்க பேசிக்கிறாங்க. இந்தப் புதுக் கதை மொதல்ல யார் வாயில இருந்து வந்துச்சு? அந்தப் பேரு எனக்கு வேணும்."

"கதை முழுக்க எழுதிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் ஜெபதாஸ்.

"கதை எதுக்கு, சார்? பேரு போதும். கெடைச்ச உடனே பசுண்டாங் துறைக்கு ஒரு சீட்டு அனுப்புங்க. நாளைக்கு முழுக்க நான் அங்கதான் இருப்பேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகும் அந்தப் பதில் ஜெபதாஸின் காதில் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மூன்று வாரமாக யாரும் ஏறி வராத படி அது. உறுத்தலை ஒதுக்கிவிட்டுக் குடையை எடுத்து வைத்தார்.

*

1927ஆம் வருஷம், ஜனவரி மாதத்துக் காலை. ஆற்றின் மேல் பனி கலைந்துகொண்டிருந்தது. சிட்டகாங் சம்பான்காரன் நின்றபடி துடுப்பு வலித்தான்.

"திருட்டுச் சாமானைத் தேடறப்ப என்ன செய்வோம்?" என்றார் ஜெபதாஸ். "வெச்சிருக்கறவன்கிட்ட, யார்கிட்ட வாங்கினேன்னு கேப்போம். அவன் காட்டறவன்கிட்ட போவோம். கதைக்கும் அதேதான்."

"சாமான்னா மறைச்சு வெப்பான், அண்ணே. கதையை வெச்சிருக்கறவன் கேக்காமலே குடுப்பானே."

சம்பான்காரன் அப்படித்தான் கொடுத்தான். வெடிமருந்தறையில் பறங்கிச்சி பெருங்குரலில் பறங்கிப் பாட்டுப் பாடுகிறாளாம். யார் சொன்னது? அக்கரையில் செங்கல் வண்டி ஓட்டும் மாரிச்சாமி.

மாரிச்சாமி துறையிலேயே இருந்தான். ராமநாதபுரத்து ஆள். கோட்டையை இடித்தெடுத்த பழைய செங்கலைச் சாலை போடுவதற்காக ஓர் ஒப்பந்தக்காரர் உடைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவன் வண்டியிலிருந்து படகுக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

"பறங்கிப் பாட்டா? அந்தச் சம்பான்காரனுக்குக் காது மந்தம், சாமி. அவ ஆராரோல்ல பாடுறா. தாலாட்டு. அதுவும் சன்னமா."

"நீ கேட்டியா?"

"நான் கேக்கல. ஆனா நெசம். கடப்பாரையோட போனா மூணு நாள் காய்ச்சல்ல போட்டுருவா. வெறுங்கையோட போனா ஒண்ணும் செய்ய மாட்டா. சின்னப் புள்ளைங்க போனா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளாம். கிழக்குச் சொவத்துல கை வைக்க மாட்டோம்னு அம்பது ஆளும் ஒரே புடியா நிக்கிறாங்க. மேஸ்திரி தங்கவேலு கத்தாத கத்தல் இல்ல."

"உனக்கு யார் சொன்னா?"

"கரீமா கடையில பேசிக்கிட்டாங்க."

கரீமாவின் டீக்கடைக்குப் போகும் மண்பாதையில் அஜீஸால் வாயை மூட முடியவில்லை. "முந்நூறு வருஷத்துப் பறங்கிச்சி ஆராரோ பாடறான்னா, அவளுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்த வாத்தியாரைத்தான் மொதல்ல புடிக்கணும்."

"அதை விடு. காய்ச்சலைப் பாரு. கடப்பாரைக்கு மட்டும் கோபப்படற பேய் எங்கயாவது உண்டா? இது யாரையும் மெரட்டல, அஜீஸ். காவல் காக்குது."

அஜீஸ் நின்றுவிட்டான். "பொதையல்!"

"இருக்கலாம்."

"ஆண்டவனே! எனக்கு ஒரு கிராமபோன் போதும், அண்ணே. மத்தது எல்லாம் நீங்களே வெச்சுக்குங்க."

கரீமா நாற்பது வயதுப் பெண். தகப்பன் நாகூர், தாய் பர்மாக்காரி. தமிழில் ஆரம்பித்து பர்மியத்தில் முடிக்கிற பேச்சு. ஆனால் பேயைப் பற்றிக் கேட்டதும் எந்தப் பாஷையிலும் பேசவில்லை. டீயை ஆற்றி முன்னால் வைத்துவிட்டு அடுப்பைக் கவனித்தாள்.

ஜெபதாஸ் அவளை விட்டுவிட்டு அஜீஸிடம் உரக்கப் பேசினார். "மாரிச்சாமி சொன்னதைக் கேட்டியா? அந்தப் பறங்கிச்சி ரத்தக் காட்டேரியாம். பச்சைப் புள்ளைங்களைத்தான் மொதல்ல புடிச்சுத் தின்னுவாளாம்."

"எலும்பைக்கூட விட மாட்டாளாம்" என்றான் அஜீஸ்.

"சீ! வாயைக் கழுவுங்க!" கரீமா கரண்டியோடு திரும்பினாள். "புள்ளைங்களை அவ தொடவே மாட்டா. வேலம்மா அப்படிச் சொல்லவே இல்ல."

சொன்ன பிறகுதான் அவள் கை வாய்க்குப் போனது.

அது யார் என்று ஜெபதாஸ் டீ குடிக்க வந்த ஒரு வண்டிக்காரனிடம் கேட்டுக்கொண்டார். பையிலிருந்து காகிதம் எடுத்து, 'பெயர் வேலம்மா. செங்கல் சுமக்கும் பெண்' என்று எழுதி, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போகவிருந்த சம்பான்காரனிடம் பாக்கியசாமிக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு காலைக்குள் முடித்த வேலை. அவருக்கே தன்மேல் கொஞ்சம் மெச்சல் உண்டாயிற்று.

கரீமா கடைவாசல் வரை பின்னால் வந்தாள். "அய்யா, அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஆறு மாசமா அவ எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கா. அப்படிச் சிரிக்கிறவளைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

*

கோட்டையில் மிஞ்சியிருந்தது அதிகமில்லை. ஆற்று வாசலின் வளைவு ஒன்று பாதி நின்றது. உள்ளே பீரங்கி மேடைகளெல்லாம் புல்மேடுகளாகிவிட்டன. வடக்கு மதில் ஏற்கனவே வண்டி ஏறிப் போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கூலிகளின் சம்மட்டிச் சத்தம் வந்தது. கிழக்கே மட்டும் ஒரு சுவர் உயரமாக, அரசமரத்து வேர்களால் பின்னப்பட்டு நின்றது. அதை ஒட்டி மருந்தறை. கூரையில் பாதி இல்லை. பகல் வெளிச்சம் நேராகத் தரையில் விழுந்தது.

"பேய்க்கு ஏத்த வீடுதான்" என்றான் அஜீஸ். மடக்குக் கத்தியைத் திறந்து கையில் வைத்திருந்தான். "எங்க தோண்டட்டும்?"

தரை முழுவதும் செங்கல் தூளும் வௌவால் எச்சமும். ஆனால் சுவரோரமாக ஓரிடம் சுத்தமாக இருந்தது. அங்கே செங்கற்களைப் பெயர்த்து, மறுபடியும் அடுக்கி, மேலே எதையோ பூசியிருந்தார்கள். பச்சை கலந்த பழுப்பு நிறம். விரல் ஓடிய அரைவட்டங்கள் வரிவரியாகத் தெரிந்தன.

அஜீஸ் மண்டியிட்டு மோந்து பார்த்தான். "அண்ணே, சாணி! பறங்கிச்சி சாணி போட்டு மெழுகியிருக்கா! தாலாட்டும் தெரியுது, மெழுகவும் தெரியுது, இவளைக் கட்டினவன் குடுத்து வெச்சவன்..."

ஜெபதாஸ் குனிந்து, மெழுகியிருந்த இடத்தைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு சாண் அகலம்" என்றார். அப்புறம் நீளவாக்கில் அளந்தார். "அஞ்சு சாண்."

அஜீஸின் கத்தி ஒரு செங்கல் இடுக்கில் நுழைந்திருந்தது. அதை மெல்ல உருவினான். எழுந்து பின்னால் வந்து செருப்பைக் கழற்றினான். அன்று அதற்குப் பிறகு அவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. தலையில் சும்மாட்டோடு ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. செங்கல் தூளில் புருவம்கூடச் சிவந்திருந்தது. அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். கரீமா சொன்ன சிரிப்பு.

"இங்க வரக்கூடாது, சாமி. பேய் இருக்குது."

"உன் பேரு வேலம்மாவா?" என்றார் ஜெபதாஸ்.

"ஆமாங்க."

"பையனா, பொண்ணா, தாயி?"

சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றது. எடுக்கத் தெரியாமல் நின்றது. பிறகு அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

"பொண்ணு. கமலாட்சி. ஆறு வயசு."

அவள் புருஷன் பசுண்டாங் அரிசி ஆலையில் மூட்டை சரிந்து செத்தவன். அதற்கப்புறம்தான் பிள்ளையோடு இந்தக் கூலிக் கொட்டகைக்கு வந்தாள். ஆடி மாதம், அடைமழையில், கொட்டகையில் வாந்திபேதி கண்டது. முதலில் ஓர் ஆள் செத்தான். இரண்டாவதாகப் பக்கத்துத் தடுப்பில் ஒரு பிள்ளை.

"சுகாதார ஆபீசருக்குத் தெரிஞ்சா கொட்டகையை மூடிருவாங்கன்னு மேஸ்திரி ரெண்டு பேரையும் சாக்குல கட்டி ஆத்துல விட்டுட்டாரு, சாமி. நான் பாத்தேன். அந்தப் புள்ளையோட கால் வெளிய தெரிஞ்சுச்சு. மூணாம் நாளு எம்மவளுக்கு. விடியறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் வாயில சீலையை அடைச்சுக்கிட்டேன். அழுதா கேக்கும்ல? தூங்குற புள்ளையைத் தூக்குற மாதிரி தூக்கியாந்து இங்க வெச்சேன். ரங்கூன்ல எந்தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது."

"அப்பறம் பாடினதை யாரோ கேட்டுட்டாங்க" என்றார் ஜெபதாஸ்.

"மத்தியானக் கஞ்சி நேரத்துல வந்து உக்காந்திருப்பேன். சத்தமில்லாமத்தான் பாடுனேன். ஒரு ஆளு கேட்டுட்டு அரண்டுபோய் ஓடுனான். உள்ள வந்து தோண்டிருவாங்களேன்னு, அந்தப் பறங்கிச்சிதான் இங்க வந்துட்டான்னு நானே சொல்லிட்டேன். அவ பேரைச் சொல்லித்தான் எம்மவ இத்தன நாளு படுத்திருக்கா." அவள் தலையை நிமிர்த்தினாள். "உங்களை யாரு சாமி அனுப்பிச்சா?"

"பாக்கியசாமின்னு ஒருத்தர். கோட்டையைப் பத்திப் புத்தகம் எழுதறவர்."

வேலம்மாவின் முகம் வெளிறியது.

"எங்க ரைட்டரா? காலையில பேரு வாசிச்சு ஆளு எண்ணுறவரா?"

அஜீஸ் ஜெபதாஸைப் பார்த்தான். ஜெபதாஸ் சுவரைப் பார்த்தார். எழுத்து வேலை என்றார் அந்த மனிதர். கோட்டையைப் பற்றி எழுதுகிறேன் என்றார். இரண்டும் பொய்யில்லை. இன்று எத்தனை ஆள், எந்த மதிலில் எத்தனை செங்கல் என்று தினமும் எழுதுகிறவர்தானே. புத்தகம் என்கிற வார்த்தையை அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டது ஜெபதாஸ்தான்.

"கதை எழுதறவனுக்குக் கதை வேணும்" என்றார் மெதுவாக. "இவருக்கு ஆள்தான் வேண்டியிருந்துச்சு. அதைச் சொல்லும்போதே காதுல உறுத்துச்சு, அஜீஸ். கோர்ட்டுலயும் இதேதான் செஞ்சேன். என்ன கேக்கறாங்களோ அதைச் சரியாச் சொன்னேன். எதுக்குக் கேக்கறாங்கன்னு கேக்கல."

"கதை கட்டினவளை எல்லார் முன்னாடியும் நிறுத்தி, இந்தத் தரையைத் தோண்டிக் காட்டுவேன்னு மேஸ்திரி போன வாரமே சொன்னாரு" என்றாள் வேலம்மா. "அப்பத்தான் ஆளுங்களுக்குப் பயம் தெளியுமாம். பேரு தெரியாமத்தான் இருந்தாரு. சொல்லிட்டீங்களா, சாமி?"

ஜெபதாஸ் அவள் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னார்.

"சொல்லிட்டேன், தாயி. சீட்டு போய் முக்கால் மணி ஆவுது."

அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் எழுந்து உள்ளே வந்து, மெழுகிய தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அவங்க கை படக்கூடாது" என்றாள். "நானே எடுத்துக்கறேன். எங்க கொண்டு போறது?"

"ரங்கூனுக்கு. இடுகாட்டுக்கு. நான் கூட வரேன்."

அஜீஸ் தோளிலிருந்த போர்வையை எடுத்து விரித்து அவள் பக்கத்தில் வைத்தான். மணிப்பூர் நெசவு. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. இரண்டு ஆண்களும் வெளியே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். உள்ளே ஒவ்வொரு செங்கலாக எடுத்து வைக்கும் ஓசை கேட்டது. எறியும் ஓசை இல்லை. அஜீஸின் உதடுகள் எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

வெளியே வந்தபோது அவள் தோளில் போர்வைச் சுருள் சாய்ந்திருந்தது. தூங்கும் பிள்ளையைத் தூக்கிவருகிறவளைப் போலத்தான் இருந்தாள். கனம்தான் போதவில்லை. கடையைக் கடந்தபோது கரீமா அவர்களைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் குடையைக் கொண்டுவந்து, போர்வையின் மேல் வெயில் படாமல் பிடித்தபடி துறைவரை கூடவே நடந்தாள்.

*

நடு ஆற்றில் அவர்கள் ஏறிய சம்பானுக்கு எதிரே இன்னொரு சம்பான் வந்தது. அதில் பாக்கியசாமியும், முண்டாசு கட்டிய தடித்த ஆள் ஒருவனும் இருந்தார்கள். மேஸ்திரி தங்கவேலு அவன்தான் என்பது வேலம்மா தலைகுனிந்ததிலேயே தெரிந்தது.

பாக்கியசாமி கையை உயர்த்தித் தன் படகை நிறுத்தச் சொன்னார். "சீட்டு கெடைச்சுது, சார். அட, வேலம்மா! நீ எங்க இங்க? அது யாரு புள்ள?"

"எம் புள்ள" என்றாள் வேலம்மா. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தங்கவேலுவின் பார்வை போர்வையிலேயே நின்றது. அதிலிருந்து செம்மண் உதிர்ந்து படகுப் பலகையில் கிடந்தது. அவன் முகம் மெல்ல மாறியது. பாக்கியசாமிக்கும் புரிந்துவிட்டது. கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே ஆற்றைப் பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது, சார்" என்றார். "பேரு கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்."

"நானும் பேரு கேட்டேன், சொன்னேன்" என்றார் ஜெபதாஸ். "மருந்தறையில இப்ப யாரும் இல்ல. நீங்க இடிச்சுக்கலாம். ஆனா ஆத்துல விட்ட ரெண்டு பேரோட பேரும் வேலம்மா சொல்லி இப்ப எங்கிட்ட இருக்கு. அதை இன்னிக்கே சுகாதார ஆபீசருக்கு எழுதப் போறேன். அதுக்கு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல."

இரண்டு படகும் விலகின.

சொன்னபடியே எழுதினார். அடுத்த வாரம் கொட்டகையைச் சோதித்து மூடினார்கள். தங்கவேலு அதற்குள் எங்கோ போய்விட்டான். மருந்தறைச் சுவர் பிள்ளையை எடுத்த அன்று சாயங்காலமே இடிந்து, செங்கல் செங்கலாக வண்டி ஏறியது.

அன்று இடுகாட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. காவல்காரர் இராமையா கிழவர். போர்வையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போது செத்தது என்று கேட்டார். ஆடியில் என்றார் ஜெபதாஸ். காகிதம் வேண்டுமே என்றார் இராமையா. அங்கேயே உட்கார்ந்து நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஜெபதாஸ். கிழவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, ஒரு புங்கமரத்தடியைக் காட்டினார். அஜீஸ் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

வேலம்மா பிள்ளையோடு உள்ளே நுழைந்தபோது இராமையா கையை நீட்டித் தடுத்தார். "நம்மள்ல பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கமில்லம்மா. வாசல்லயே நில்லு. ஆம்பளைங்க பாத்துக்குவாங்க."

"மொத தடவை நான்தானேய்யா பொதைச்சேன்" என்றாள் அவள். "அப்ப எந்த ஆம்பளை வந்தாங்க?"

கிழவர் கையை எடுத்துக்கொண்டார்.

அவளே குழிக்குள் இறங்கிப் பிள்ளையைக் கிடத்தினாள். அவளே முதல் மூன்று பிடி மண்ணைப் போட்டாள். மேடு எழும்பிய பிறகு எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருக்குக் கேட்டுவிடுமோ என்று பார்க்கிற பார்வை அது. மரத்தடியில் மூன்று ஆண்கள் நின்றார்கள். வெளியே ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போயிற்று. வேறு யாருமில்லை.

"அழு, தாயி" என்றார் ஜெபதாஸ். "இனிமே யாரு கேட்டா என்ன?"

வேலம்மா இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அலறினாள்.